கறையான் குடல் நுண்ணுயிர்ச் சமூகம்

கறையான் குடல் நுண்ணுயிர்ச் சமூகம் என்பது கறையான்களின் பின்குடலில் ஒன்றுசேர்ந்து வாழும் ஓரணு உயிரிகள், பாக்டீரியாக்கள், ஆர்க்கியாக்கள் ஆகியவற்றின் தொகுதியாகும். மரம், வைக்கோல், சருகு, மட்கிய மண் போன்ற சத்துக் குறைந்த பொருட்களை உண்டு கறையான்கள் உயிர்வாழ்வது பெரும்பாலும் இந்நுண்ணுயிர்களின் துணையினாலேயே ஆகும். ஏட்டுச் சுவடிகளும் கதவு நிலைகளும் செல்லரித்துப் போவதாகக் கூறுவது வழக்கம்; இங்கு செல் என்பது கறையானைக் குறிக்கும் பழஞ்சொல். கறையான் மரத்தை அரித்து மென்று விழுங்குகிறது. விழுங்கியதைச் செரிக்கும் வேலையில் பெரும்பங்கு அதன் குடலுக்குள் வாழும் உயிர்களுடையது.

ஓர் உயிரினத்தின் உடலுக்குள் நுண்ணுயிர்ச் சமூகம் எவ்வாறு அமைகிறது, தலைமுறை தலைமுறையாக எவ்வாறு கைமாறுகிறது, தன்னைத் தாங்கும் ஓம்புயிருடன் சேர்ந்து எவ்வாறு மாற்றமடைகிறது ஆகிய கேள்விகளுக்கு மிக நீண்ட காலமாக ஆராயப்பட்டுவரும் எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று.

ஏறத்தாழ 3,000 கறையான் இனங்கள் அறியப்பட்டுள்ளன. இவற்றை "கீழ்நிலைக் கறையான்கள்", "மேல்நிலைக் கறையான்கள்" என இரண்டாகப் பிரிப்பர். முதல் வகையின் குடலில், சவுக்குப் போன்ற கசையிழைகளைக் கொண்டு நீந்தும் ஓரணு உயிரிகள் நிறைந்திருக்கும். இவை கசையிழை உயிரிகள் எனப்படுகின்றன. தெர்மிட்டிடே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டாம் வகையில் அவை இல்லை; பாக்டீரியாக்களும் ஆர்க்கியாக்களும் மட்டுமே உள்ளன. கறையான் இனங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. கீழ்நிலை, மேல்நிலை என்பன பழைய வகைப்பாட்டின் எச்சங்கள். அவற்றைத் திறமையின் ஏற்றத்தாழ்வாகக் கொள்ளலாகாது.

ஆய்வு வரலாறு

அமெரிக்க இயற்கையியலாளர் ஜோசப் லைடி, 1870களில் வட அமெரிக்கக் கறையான் ஒன்றின் குடலை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அதில் உணவைவிட உயிரிகளே மிகுதியாக நெளிவதைக் கண்டார். 1877 ஆம் ஆண்டில் அவற்றுள் ஒன்றுக்கு திரிக்கோனிம்ஃபா எனப் பெயரிட்டார். 1881 ஆம் ஆண்டில் வெளியிட்ட விரிவான கட்டுரையில் இவை அனைத்தையும் ஒட்டுண்ணிகள் என்றே குறிப்பிட்டார். ஓர் உயிரின் உள்ளே மற்றோர் உயிர் இருந்தால் அது ஒட்டுண்ணியாகத்தான் இருக்கவேண்டும் என்பது அக்காலத்தின் இயல்பான எண்ணம்.

இந்த எண்ணத்தை மாற்றியவர் லெமுவேல் ராஸ்கோ கிளீவ்லாந்து ஆவார். 1920களில் அவர் செய்த சோதனைகள் எளிமையானவை. கறையான்களை 36 பாகை செல்சியசு வெப்பநிலையில் 24 மணி நேரம் வைத்தால் குடலிலுள்ள கசையிழை உயிரிகள் இறந்துவிடும், கறையான்கள் பிழைத்துக்கொள்ளும். அவ்வாறு வெறுமையாக்கப்பட்ட கறையான்களுக்கு வழக்கமான மரத்தையே உணவாகக் கொடுத்தார். அவை வழக்கம்போல் தின்றன. ஆயினும் சில வாரங்களுக்குள் பட்டினியால் இறந்தன. வேறு சில கறையான்களுக்குக் கசையிழை உயிரிகளை மீண்டும் கிடைக்கச் செய்தபோது அவை தொடர்ந்து வாழ்ந்தன. வெப்பமே கறையானைக் கொன்றிருக்கலாம் என்ற ஐயத்தைப் போக்க, பட்டினி, உயர் அழுத்த ஆக்சிசன் ஆகிய வேறு வழிகளிலும் ஓரணு உயிரிகளை அழித்துப் பார்த்தார், முடிவு மாறவில்லை. உள்ளுயிரிகளை நீக்கியும் மீண்டும் சேர்த்தும் அவற்றின் பணியைக் கண்டறியும் இம்முறை இன்றும் எலி, மீன், ஈ ஆகியவற்றின் குடல் ஆய்வுகளில் பின்பற்றப்படுகிறது.

இதன் வேதியியலை 1930களிலும் 1940களிலும் ராபர்ட் ஹங்கேட் தெளிவாக்கினார். கசையிழை உயிரிகள் மரத்துகள்களை விழுங்கி, அவற்றிலுள்ள செல்லுலோசை நொதிக்கச் செய்து, அசிட்டேட்டு, கார்பன் டை ஆக்சைடு, ஐதரசன் ஆகியவற்றை வெளியிடுகின்றன. இவற்றுள் அசிட்டேட்டே கறையானின் எரிபொருள். ஹங்கேட் பின்னர் மாட்டின் அசையிரைப்பையை ஆராய்ந்து அத்துறையின் முன்னோடியாகப் புகழ்பெற்றார்.

கறையானால் செல்லுலோசைத் தானாகச் சிதைக்கவே இயலாது என்று பல ஆண்டுகள் பாடநூல்கள் எழுதிவந்தன. 1998 ஆம் ஆண்டில் சப்பானிய ஆய்வாளர் வத்தனாபே குழுவினர், செல்லுலோசைச் சிதைக்கும் நொதிக்கான மரபணு ஒன்று கறையானின் சொந்த மரபணுத் தொகுதியிலேயே இருப்பதைக் கண்டறிந்தனர். எனவே செரிமானம் கறையானிலேயே தொடங்குகிறது. கறையானின் நொதிகளுக்கு எளிதில் இசையாமல் எஞ்சுவதைப் பின்குடல் உயிரிகள் சிதைக்கின்றன.

பின்குடல் என்னும் வாழிடம்

வேலைக்காரக் கறையான் ஒன்றின் பின்குடல் கொள்ளும் நீர்மம், சிறிய இனங்களில் ஏறத்தாழ ஒரு மைக்ரோலிட்டர் மட்டுமே. அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இச்சிறு இடத்தில் பல நூறு வகையான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. கீழ்நிலைக் கறையான் சிலவற்றில் கசையிழை உயிரிகளின் எடை, கறையானின் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கக்கூடும்.

நொதித்தல் நிகழும் இடம் ஆக்சிசன் அற்ற தொட்டி போன்றது என்றே முன்னர் கருதப்பட்டது. 1995 ஆம் ஆண்டில் ஆந்திரியாசு புரூனேயும் உடன் ஆய்வாளர்களும் மிக நுண்ணிய மின்வாய்களைக் குடலுக்குள் செலுத்தி அளந்தபோது, குடற்சுவரிலிருந்து 150 முதல் 200 மைக்ரோமீட்டர் ஆழம் வரை ஆக்சிசன் ஊடுருவுவது தெரியவந்தது. இவ்வளவு சிறிய குழாயில் இது பெரிய தொலைவாகும். சுவரையொட்டி வாழும் பாக்டீரியாக்கள் இந்த ஆக்சிசனைப் பயன்படுத்தித் தீர்த்துவிடுவதால் நடுப்பகுதி மட்டும் ஆக்சிசனின்றி இருக்கிறது. ஆக்சிசன் பட்டால் இறக்கும் கசையிழை உயிரிகள் அந்நடுப்பகுதியில் வாழ்கின்றன. ஒரு குளத்தில் கரையோரத்திலும் ஆழத்திலும் வெவ்வேறு உயிர்கள் வாழ்வதை ஒத்த இட ஒதுக்கீடு இங்கு ஒரு மில்லிமீட்டருக்குள் அமைந்துள்ளது.

மண்ணை உண்ணும் கறையான்களில் நிலைமை இன்னும் வியப்பானது. ஆப்பிரிக்காவின் கியூபிட்டெர்மெசு பேரினத்தில், பின்குடலின் முற்பகுதியில் காரகாடித்தன்மைச் சுட்டெண் 12ஐயும் தாண்டுகிறது. இது உயிரினங்களின் உடலுக்குள் அளக்கப்பட்ட மிக உயர்ந்த காரத்தன்மைகளுள் ஒன்று. மண்ணுடன் இறுகப் பிணைந்துள்ள கரிமப் பொருட்களைப் பிரித்தெடுக்க இது உதவுகிறது எனக் கருதப்படுகிறது.

ஐதரசனுக்கான போட்டி

கசையிழை உயிரிகள் வெளியிடும் ஐதரசன் வீணாவதில்லை. அதைப் பயன்படுத்த இரு தரப்பினர் உள்ளனர். ஒரு தரப்பு, ஐதரசனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து மீத்தேனாக்கும் ஆர்க்கியாக்கள். மற்றொரு தரப்பு, அதே இரண்டையும் சேர்த்து அசிட்டேட்டாக்கும் பாக்டீரியாக்கள். மீத்தேன் காற்றில் கலந்து கறையானுக்கு இழப்பாகிறது, அசிட்டேட்டோ உணவாகிறது. ஆகவே எத்தரப்பு ஐதரசனை எடுத்துக்கொள்கிறது என்பது கறையானின் ஆற்றல் கணக்கை நேரடியாகப் பாதிக்கிறது.

வேதியியல் கணக்குப்படி மீத்தேன் உண்டாக்குவதிலேயே ஆற்றல் ஆதாயம் அதிகம். அசையிரைப்பையில் மீத்தேன் தரப்பே மேலோங்குகிறது. மரம் தின்னும் கறையான்களில் இதற்கு மாறாக அசிட்டேட்டுத் தரப்பு வெல்கிறது. இதற்குக் காரணம் இட அமைப்பு என்பதே ஏற்கத்தக்க விளக்கமாகத் தோன்றுகிறது. ஐதரசன் உண்டாவது குடலின் நடுவில். அங்கே அசிட்டேட்டு உண்டாக்கும் பாக்டீரியாக்கள் நீந்துகின்றன. ஆய்வு செய்யப்பட்ட வட அமெரிக்க இனத்தில் மீத்தேன் ஆர்க்கியாக்கள் குடற்சுவரில் ஒட்டியிருக்கின்றன. நடுவில் எஞ்சியதே அவற்றை வந்தடைகிறது. சில இனங்களில் அவை கசையிழை உயிரிகளின் உள்ளேயே வாழ்ந்து இத்தடையைக் கடக்கின்றன.

நடுவில் நீந்தும் இந்த அசிட்டேட்டுப் பாக்டீரியாக்கள் யாவை என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 1999 ஆம் ஆண்டில் லெட்பெட்டர், பிரெசுனாக் ஆகியோரின் குழு, திருகு வடிவிலான சுருளிப் பாக்டீரியாக்கள் இப்பணியைச் செய்வதை நிறுவியது. மேகநோயை உண்டாக்கும் பாக்டீரியாவும் இவற்றின் பேரினமான திரெப்போனிமாவைச் சேர்ந்ததே. இவ்வகையில் உண்டாகும் அசிட்டேட்டு, கறையானின் ஆற்றல் தேவையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈடுசெய்யக்கூடும்.

மண் உண்ணும் கறையான்களும் பூஞ்சை வளர்க்கும் கறையான்களும் மீத்தேனை அதிகமாக வெளியிடுகின்றன. 1982 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு மதிப்பீடு, உலகக் கறையான்கள் ஆண்டுக்கு 15 கோடி டன் மீத்தேனை வெளியிடலாம் எனக் கூறிப் பரபரப்பை ஏற்படுத்தியது. பின்வந்த அளவீடுகள் இதைப் பெரிதும் குறைத்துவிட்டன. உலக மீத்தேன் வெளியீட்டில் கறையான்களின் பங்கு 1 முதல் 3 விழுக்காடு என்றே இன்று கணக்கிடப்படுகிறது.

நைட்ரசன் பற்றாக்குறையும் உயிருக்குள் உயிரும்

மரத்தில் கரிமம் மிகுதி, நைட்ரசன் மிகக் குறைவு. மரத்தை மட்டும் தின்று உடலை வளர்ப்பது, எண்ணெயைக் குடித்துத் தசை வளர்க்க முயல்வதைப் போன்றது. இந்தக் குறையை நுண்ணுயிர்கள் இரண்டு வழிகளில் தீர்க்கின்றன. கறையானின் கழிவான யூரிக் அமிலத்தைக் குடற்பாக்டீரியாக்கள் சிதைத்து அதிலுள்ள நைட்ரசனை மீட்கின்றன. காற்றிலுள்ள நைட்ரசனை நிலைநிறுத்தும் பாக்டீரியாக்களும் குடலில் உள்ளன. இது 1973 ஆம் ஆண்டில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் நிகழ்வது இங்கு ஒரு பூச்சியின் வயிற்றில் நிகழ்கிறது.

2008 ஆம் ஆண்டில் ஹொங்கோ முதலிய சப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. கோப்டோடெர்மெசு பார்மோசானசு என்னும் கறையானின் குடலில் சூடோதிரிக்கோனிம்ஃபா என்ற கசையிழை உயிரி வாழ்கிறது. அதன் ஒற்றை உயிரணுவுக்குள் ஒரே வகைப் பாக்டீரியா ஏறத்தாழ ஒரு லட்சம் எண்ணிக்கையில் உள்ளது. அதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, நைட்ரசனை நிலைநிறுத்தவும் அதிலிருந்து அமினோ அமிலங்களை ஆக்கவும் தேவையான மரபணுக்கள் காணப்பட்டன. கறையானுக்குள் ஓரணு உயிரி, அதற்குள் பாக்டீரியா என மூன்று அடுக்குகள் இங்குள்ளன. கறையான் மரத்தைக் கொண்டுவருகிறது, ஓரணு உயிரி அதைச் சிதைக்கிறது, பாக்டீரியா நைட்ரசனைத் தருகிறது.

ஆத்திரேலியாவின் மாசுடோடெர்மெசு டார்வினியென்சிசு கறையானில் வாழும் மிக்சோதிரிக்கா பாரடாக்சா இதைவிட விசித்திரமானது. 1933 ஆம் ஆண்டில் இதை விவரித்த ஜீன் சதர்லாந்து, ஒரே உயிரணுவில் கசையிழைகளும் குறு இழைகளும் சேர்ந்து காணப்படுவதாக எண்ணினார். முரண் என்னும் பொருள்படும் பெயர் அதனால் அமைந்தது. 1964 ஆம் ஆண்டில் கிளீவ்லாந்தும் கிரிம்சுடோனும் மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்து, குறு இழைகள் எனப்பட்டவை உண்மையில் மேற்பரப்பில் வரிசையாக ஒட்டிக்கொண்டுள்ள சுருளிப் பாக்டீரியாக்கள் என்று காட்டினர். இவை ஒரே ஒழுங்கில் அசைந்து ஓரணு உயிரியை முன்னோக்கிச் செலுத்துகின்றன. அதன் சொந்தக் கசையிழைகள் நான்கும் திசை திருப்புவதற்கே பயன்படுகின்றன. உயிரணுக்களின் கூட்டிணைவே சிக்கலான உயிரணுக்களின் தோற்றத்துக்கு வழிவகுத்தது என்ற கொள்கையைப் பரப்பிய லின் மார்குலிசு, இந்த உயிரியைத் தம் எழுத்துகளில் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டினார்.

சமூகம் கைமாறுதல்

கசையிழை உயிரிகள் கறையானின் முட்டைக்குள் செல்வதில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் இளங்கறையானின் குடலில் அவை இருப்பதில்லை. அதுமட்டுமன்றி, கறையான் தோலுரிக்கும்போது பின்குடலின் உள்ளுறையும் உரிந்துவிடுவதால், உள்ளிருக்கும் கசையிழை உயிரிகளும் இழக்கப்படுகின்றன. எனவே ஒரு கறையான் வளரும் காலத்தில், ஒவ்வொரு தோலுரிப்புக்குப் பின்னரும், தன் செரிமானத் திறனைக் கூட்டாளிகளிடமிருந்து மீண்டும் பெறவேண்டியிருக்கிறது. இளங்கறையான் மூத்த கறையானின் மலப்புழையிலிருந்து வரும் பின்குடல் நீர்மத்தை உண்கிறது. கேட்பதற்கு அருவருப்பாகத் தோன்றினாலும், கறையான் கூட்டத்தின் வாழ்வு இப்பரிமாற்றத்தையே சார்ந்துள்ளது. மழைக்குப் பின் பறக்கும் ஈசல்கள் தம் குடலில் இச்சமூகத்தைச் சுமந்து செல்கின்றன. இறகுதிர்த்துப் புதிய கூட்டைத் தொடங்கும் அரசனும் அரசியும் அதைத் தம் முதல் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன.

தனித்து வாழும் கறையான் தோலுரித்தபின் பட்டினி கிடக்கும் என்பதால், இச்சார்பே கறையான்களைக் கூட்டமாக வாழத் தூண்டியது என்று கிளீவ்லாந்து 1934 ஆம் ஆண்டில் கருதினார். கறையான்களின் நெருங்கிய உறவான கிரிப்டோசெர்க்கசு என்னும் மரம் தின்னும் கரப்பான் பூச்சி இக்கருத்துக்குச் சான்றாக அமைகிறது. இதன் குடலிலும் அதே வகைக் கசையிழை உயிரிகள் உள்ளன. பெற்றோர் குஞ்சுகளுடன் நீண்ட காலம் தங்கிப் பின்குடல் நீர்மத்தை ஊட்டுகின்றன. ஆயினும் இதன் கசையிழை உயிரிகள் தோலுரிப்பின்போது உறைகட்டிப் பிழைத்துக்கொள்கின்றன. கிரிப்டோசெர்க்கசு கறையான்களைப் போன்ற தொழிலாளர் வகுப்புகளை உடையதுமன்று. ஆகவே குடல் உயிரிகளின் தேவை பெற்றோர் பராமரிப்பை விளக்குகிறதேயன்றி, அரசி, வேலைக்காரர், படைவீரர் என்ற முழு அமைப்பையும் அது ஒன்றே விளக்கிவிடாது.

கறையான்கள் தனி வரிசையாக இன்றி, கரப்பான் பூச்சிகளின் ஒரு கிளையாகவே இன்று வகைப்படுத்தப்படுகின்றன. மரபணு ஆய்வுகள் 2007 ஆம் ஆண்டளவில் இதை உறுதிப்படுத்தின. குடல் பாக்டீரியாக்களிலும் கரப்பான் பூச்சி வழிவந்த குலங்கள் பல உள்ளன.

கசையிழை உயிரிகளை இழந்த கறையான்கள்

உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதவை எனக் கிளீவ்லாந்து நிறுவிய இவ்வுயிரிகளைத் தெர்மிட்டிடே குடும்பத்தின் முன்னோர் முற்றாக இழந்துவிட்டனர். ஆயினும் இக்குடும்பமே எண்ணிக்கையிலும் வகையிலும் மிகுதியாகப் பெருகியுள்ளது. வெற்றிடத்தை வெவ்வேறு கிளைகள் வெவ்வேறு வழிகளில் நிரப்பின. நாசூட்டிடெர்மெசு போன்றவற்றில் மர நார்களில் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் செல்லுலோசைச் சிதைக்கின்றன. கோசுட்டா ரிக்காவில் சேகரிக்கப்பட்ட இத்தகைய கறையானின் குடலிலுள்ள பாக்டீரிய மரபணுக்கள் 2007 ஆம் ஆண்டில் மொத்தமாகப் படிக்கப்பட்டபோது, செல்லுலோசு முதலியவற்றைச் சிதைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. வேறு பல கிளைகள் மரத்தை விட்டு மண்ணுக்கு மாறின.

மற்றொரு கிளை செரிமானத்தின் ஒரு பகுதியை உடலுக்கு வெளியே கொண்டுவந்துவிட்டது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உயரமான புற்றுகளைக் கட்டும் ஓடோண்டோடெர்மெசு கறையான்கள் இக்கிளையைச் சேர்ந்தவை. இவை புற்றுக்குள் தெர்மிட்டோமைசெசு என்னும் பூஞ்சையை வளர்க்கின்றன. இளம் வேலைக்காரர்கள் இலைதழைகளையும் பூஞ்சை வித்துகளையும் சேர்த்து உண்டு, குடல் வழியே கடத்தி, தேனடை போன்ற தட்டுகளாக அடுக்குகின்றன. பூஞ்சை அதில் வளர்ந்து, கடினமான லிக்னினையும் சிதைக்கிறது. மூத்த வேலைக்காரர்கள் பழுத்த தட்டை உண்கின்றன. இவற்றின் குடல் பாக்டீரியாக்கள், மரம் தின்னும் கறையான்களுடையவற்றைவிடக் கரப்பான் பூச்சிகளுடையவற்றையே அதிகம் ஒத்துள்ளன என்பது 2014 ஆம் ஆண்டில் காட்டப்பட்டது. உணவு மாறினால் சமூகமும் மாறும் என்பதற்கு இது நல்ல சான்று.

இப்பூஞ்சைத் தோட்டங்களைப் பற்றி முதன்முதலில் எழுதியவர்களுள் ஒருவர் தரங்கம்பாடி தேனிசு மிசனில் மருத்துவராகப் பணியாற்றிய யோகான் கெரார்டு கோனிக். லின்னேயசின் மாணவரான இவர், தென்னிந்தியக் கறையான்களைப் பற்றிய தம் கட்டுரையை 1779 ஆம் ஆண்டில் வெளியிட்டார். மழைக்காலத்தில் புற்றிலிருந்து முளைத்து, ஊர்ப்புறங்களில் விரும்பி உண்ணப்படும் புற்றுக் காளான்கள் இப்பூஞ்சையின் வித்துடல்களே. அவற்றுள் தெர்மிட்டோமைசெசு ஐமியை, 1979 ஆம் ஆண்டில் தென்னிந்தியாவிலிருந்து நடராசன் விவரித்தார்.

பெரும்பாலான இனங்களில் புதிய கூடு பூஞ்சையைப் பெற்றோரிடமிருந்து பெறுவதில்லை. காளான்கள் உதிர்க்கும் வித்துகளை வேலைக்காரர்கள் வெளியிலிருந்து கொண்டுவருகின்றன. மைக்குரோடெர்மெசு பேரினத்தில் அரசியும், மாக்குரோடெர்மெசு பெல்லிகோசசு இனத்தில் அரசனும் வித்துகளைச் சுமந்து செல்வது விதிவிலக்காகும். பூஞ்சை வளர்ப்பு ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் ஒரே முறை தோன்றியது. அதன்பின் இக்கிளையில் எந்தக் கறையானும் அதைக் கைவிட்டதாகத் தெரியவில்லை.

இணைப் படிவளர்ச்சி பற்றிய விவாதம்

நுண்ணுயிர்கள் பெற்றோர் வழியே மட்டும் கைமாறினால், ஓம்புயிரின் கிளைகள் பிரியும்போது அவையும் உடன் பிரியவேண்டும். இரண்டின் குலமரங்களும் ஒன்றையொன்று ஒத்திருக்கவேண்டும். மேலே கூறிய சூடோதிரிக்கோனிம்ஃபாவில் இது ஏறத்தாழ அவ்வாறே உள்ளது. கறையான், ஓரணு உயிரி, அதனுள் வாழும் பாக்டீரியா ஆகிய மூன்றின் குலமரங்களும் பெரிதும் ஒத்துப்போவதாக 2007 ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

குடலில் தனித்து வாழும் பாக்டீரியாக்களின் கதை வேறு. பூர்கிஞோன் குழுவினர் 2018 ஆம் ஆண்டில் உலகின் பல பகுதிகளிலிருந்து பெற்ற கறையான்களின் பாக்டீரியாக்களை ஒப்பிட்டனர். கறையான்களில் மட்டுமே வாழும் பாக்டீரியாக் குலங்கள் பல உள்ளன எனினும், அவை ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனத்துக்கு அடிக்கடி தாவியுள்ளன. ஒரே மரத்துண்டில் இரு கூட்டங்கள் சந்திப்பதும், சண்டையிடுவதும், இறந்தவற்றை உண்பதும் இதற்கு வழியாகலாம்.

ஓம்புயிரையும் அதன் நுண்ணுயிர்கள் அனைத்தையும் சேர்த்து இயற்கைத் தேர்வின் ஒரே அலகாகக் கருதவேண்டும் என்ற கொள்கையை இலானா சில்பர்-ரோசன்பர்க், யூசின் ரோசன்பர்க் ஆகியோர் 2008 ஆம் ஆண்டில் முன்வைத்தனர். நுண்ணுயிர்களின் நலனும் ஓம்புயிரின் நலனும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்றும், பலவும் ஓம்புயிருடன் மரபுவழியாகக் கட்டுண்டவை அல்ல என்றும் டக்ளசு, வெர்ரன் ஆகியோர் 2016 ஆம் ஆண்டில் மறுத்தனர். கறையான் குடல் இரு தரப்புக்கும் சான்றளிக்கிறது. கசையிழை உயிரிகளும் அவற்றின் உள்வாழ் பாக்டீரியாக்களும் முதல் தரப்புக்கும், தாவித்திரியும் பாக்டீரியாக்கள் இரண்டாம் தரப்புக்கும் துணைநிற்கின்றன. மீத்தேன் ஆர்க்கியாக்கள் கறையானின் உணவாகக்கூடிய ஐதரசனை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக எதையும் தருவதாக அறியப்படவில்லை. ஆயினும் அவையும் ஊட்டப் பரிமாற்றத்தின் வழியே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன.